வாலு நிற்கப் பழகியது

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வலது தோள் இறுகிப்போய், சட்டை போட்டுக்கொள்ளக்கூட இன்னொருவர் துணை வேண்டும் என்று ஆனபோது, ஒரு பிசியோவிடம் போக ஆரம்பித்தேன். அந்த அம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். நோயாளியிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே கையை முறுக்குவது அவர் வழக்கம். என்னிடம் பேசியது தன் மகளையும் ஒரு பெண்குதிரையையும் பற்றி. இதில் ஒரு சங்கடம். கதை சூடுபிடிக்கிற இடமாகப் பார்த்துத்தான் கையையும் மேலே தூக்குவார். ஆகவே முக்கியமான பல இடங்களில் நான் கத்திக்கொண்டிருந்தேன். அங்கெல்லாம் நானாக நிரப்பியிருக்கிறேன்.

எழுதலாமா என்று கேட்டேன்.

"பேரு மட்டும் போடாதீங்க சார். குதிரை பேரை வேணா போட்டுக்குங்க. அது கோவிச்சுக்காது."

குதிரையின் பெயர் வாலு.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'மாலைச் சூரியன் லாயத்தின் கூரைமேல் பொன்னை உருக்கி ஊற்றிய வேளையில், பிடரி சிலிர்க்க அவள்...' அடித்துவிட்டேன். எழுதும்போதே கொட்டாவி வந்தது. அடுத்தது: 'குதிரை என்பது மனிதன் தன் வேகத்தின்மீது கொண்ட...' இதை முடிக்கவே இல்லை. முடித்திருந்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள்.

பிறகு இப்படி எழுதினேன்: மகள் விழுந்தாள்.

இது தேறும் என்று தோன்றுகிறது.

மகள் ஒரு லாயத்தில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பவள். வாலு அவளுடைய சொந்தக் குதிரை. பந்தயத்துக்கென்று வளர்த்து, அதற்குத் தோதுப்படாமல் யாரோ கழித்துவிட்டதை இவள் கெஞ்சி வாங்கிக்கொண்டாள். ஓடுவதற்கு மட்டுமே பழக்கப்பட்ட ஜீவன். சும்மா நிற்பது என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. கட்டிப்போட்டாலும் கால் மாற்றிக்கொண்டே இருக்கும், கதவைக் கடிக்கும், போகிற வருகிறவர்கள் மேல் வாலைச் சுழற்றும். (பெயர்க் காரணம் அதுதான். உண்மையான வாலும் நீளம்தான் என்றார் பிசியோ.)

ஒரு காலை, ஏறுவதற்காகப் போட்டிருக்கும் மரப்படிமேல் நின்று மகள் இடது காலைச் சேணத்தில் தொங்கும் அங்கவடிக்குள் வைத்தாள். வலது கால் இன்னும் படியில். அந்த நேரம் பார்த்து வாலு நடந்தது. மிரளவில்லை, துள்ளவில்லை. சும்மா நடந்தது. மகள் குதிரைக்கும் படிக்கும் நடுவில் விழுந்தாள். படியின் விளிம்பில் பட்டுத் தொடையெலும்பு முறிந்தது.

எத்தனையோ பேரின் உடைந்த கால்களை நடக்க வைத்த அம்மா, மகளின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தார்.

3

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவும் மகளும்தான். அப்பா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. லாயக்காரர் பார்க்க வந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கட்டிலருகே நின்றபடியே வந்த காரியத்தைச் சொன்னார்.

"அது நிக்கப் பழகலன்னா என்னால வெச்சுக்க முடியாதும்மா. சின்னப் பிள்ளைங்க வந்து போற இடம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? வேற ஆளைப் பார்த்து அனுப்பிடறேன்."

அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. தொலையட்டும் சனியன் என்று நினைத்துக்கொண்டார். லாயக்காரர் போனதும் மகள் சொன்னாள்:

"அம்மா, நீ போய்ப் பழக்கு."

"நானா? எனக்குக் குதிரைன்னாலே பயம்டி. அந்தக் குதிரைன்னா பத்திக்கிட்டு வருது."

"மேல ஏறச் சொல்லலியே. தரையில நின்னுக்கிட்டே செய்யறதுதான். நான் போன்ல சொல்லச் சொல்லச் செய்."

(லாயத்தில் வேறு ஆளே இல்லையா என்று கேட்கத்தான் போகிறீர்கள். நானும் கேட்டேன். இருக்கிறார்கள், ஆனால் அடித்துவிடுவார்களோ என்று மகளுக்குப் பயம்.)

அம்மா ஒரு பேரம் பேசினார். "நான் போறேன். நீ முனகாம எக்சர்சைஸ் பண்ணுவியா?"

"பண்றேன்."

அன்றிலிருந்து, நாளெல்லாம் பிறர் கைகால்களோடு மல்லுக்கட்டிவிட்டு, தைல வாசனை போகாத கைகளோடு அவர் லாயத்துக்குப் போனார். வேலிக் கம்பத்தில் போனைச் சாய்த்து வைத்தார். அதற்குள்ளிருந்து மகள் பேசினாள்.

"கயிற இறுக்காதம்மா."

"விட்டா ஓடிடும்டி."

"இறுக்கினாத்தான் ஓடப் பார்க்கும். தளர்த்தி விடு. ஒரு அடி எடுத்து வெச்சா, மெதுவா பின்னாடி தள்ளி அதே இடத்துல கொண்டு வந்து நிறுத்து. நின்ன உடனே கயிற விட்டுடு. திட்டாத. கொஞ்சவும் கொஞ்சாத."

"திரும்ப நடந்துச்சுன்னா?"

"திரும்ப கொண்டு வா."

"திரும்ப நடந்துச்சுன்னா?"

"அம்மா! உன் பேஷண்ட்டுக்கு நீ என்ன பண்ணுவ?"

"அவங்களைத் திட்டுவேன்."

வாலு நடந்தது. அம்மா பின்னால் தள்ளினார். வாலு நடந்தது. அம்மா பின்னால் தள்ளினார். இதை நான் இன்னும் பல வரிகள் எழுதியிருந்தேன், அலுப்பு உங்களுக்கும் வர வேண்டும் என்பதற்காக. மறுபடி படித்தபோது எனக்கே தாங்கவில்லை. எடுத்துவிட்டேன். அந்த அம்மாளுக்கு அப்படி எடுத்துவிட வழியில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

வாலு நின்ற நாள்.

மகளுக்கு அன்று காய்ச்சல் மாதிரி இருந்ததால் போனில் யாரும் இல்லை. அம்மா வழக்கம்போல வாலுவைத் திடலின் நடுவே நிறுத்தினார், கயிற்றைத் தளர்த்தினார், அடுத்த அடிக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. வாலு தலையைக் கொஞ்சம் தாழ்த்தியது. உதட்டை நக்கியது. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மணலில் ஊன்றிக்கொண்டது. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டது.

அம்மாவும் நின்றார். காலையிலிருந்து அவரிடம் ஒன்றும் கேட்காமல் எதிரில் நின்ற முதல் ஜீவன் அதுதான். இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. கால் வலிக்கவில்லை என்பது நினைவிருக்கிறது.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. இது நின்றால், மகள் மறுபடி ஏறுவாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "நின்னுச்சா?"

"எங்கடி... அது எங்க நிக்குது."

5

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பெற்ற தாய் இப்படிப் பொய் சொல்வாரா, சொன்னாலும் நாள் கணக்கில் நீட்டுவாரா என்று சந்தேகம். ஒரு வரைவில் அந்தப் பொய்யை லாயக்காரர் தலையில் கட்டிப் பார்த்தேன். கதை சப்பென்று ஆகிவிட்டது. இன்னொன்றில் அம்மா இரவெல்லாம் அழுதார். அந்த அம்மாளைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள். என்னிடம் இதைச் சொன்னபோது அவர் துண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

"வாய் கூசாம சொன்னேன் சார். தினமும் சொன்னேன். போன் எடுத்துட்டுப் போறதையும் நிறுத்திட்டேன். அங்க சிக்னலே வரலன்னேன்."

"தப்புன்னு தோணலியா?"

"மறுபடி அவளைத் துண்டு துண்டா எடுத்துட்டு வர என்னால முடியாதுன்னு தோணுச்சு."

ஆக, பொய் அவருடையதுதான். அப்படியே விட்டுவிட்டேன்.

லாயத்தில் அவர் வாலுவை விடவில்லை என்பதுதான் விந்தை. தினமும், லாயக்காரர் கிளம்பிப் போன பிறகு போனார். கயிற்றின் கடைசி நுனிவரை தள்ளிப்போய் நின்று பார்த்தார். சுற்றி நடந்து பார்த்தார். முதுகில் துணியை உதறிப் பார்த்தார். வாலு நின்றது. வீட்டுக்கு வந்து, நிற்கவில்லை என்றார்.

மகள் முதலில் புதிதாக யோசனைகள் சொன்னாள். இடத்தை மாத்திப் பாரு. நடக்க விட்டுக் களைச்ச பிறகு நிறுத்திப் பாரு. பிறகு யோசனைகள் குறைந்தன. பிறகு ஒரு நாள்:

"விட்டுடும்மா. கோளாறு எங்கிட்டதான். எனக்குச் சொல்லித்தரத் தெரியல. இத்தனை நாளு பிள்ளைங்களுக்கு என்னத்த சொல்லித்தந்தேனோ."

"அப்படியெல்லாம் இல்லடி."

"லாயக்காரரு அதை எங்க வேணா அனுப்பிக்கட்டும்."

அதற்கப்புறம் அவள் காலை மடக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். முட்டி இறுக ஆரம்பித்தது. இப்படிச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்ட எத்தனையோ பேரை அந்த அம்மாள் பார்த்திருக்கிறார். எலும்பு கூடிவிடும், ஆள் எழுந்திருக்க மாட்டார். திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். பிறர் மகள்களிடம் பலித்ததெல்லாம் தன் மகளிடம் பலிக்கவில்லை.

லாயக்காரர் போன் செய்தார். ஆள் கிடைத்துவிட்டது, நாளைக்கு வண்டி வருகிறது.

6

"கிளம்பு."

"எங்க?"

"வாலுவைப் பார்க்க. நாளைக்கு அனுப்பறாங்களாம்."

"நான் வரல."

"எழுந்திருடி."

எப்படியோ காரில் ஏற்றி, மடக்கு வாக்கரைப் பின்னால் போட்டுக்கொண்டு போனார். மகளைத் திடலின் வேலியோரம் வாக்கரைப் பிடித்தபடி நிற்க வைத்துவிட்டு, உள்ளே போய் வாலுவைக் கூட்டி வந்தார். நடுவில் நிறுத்தினார். கயிற்றைத் தளர்த்தினார். அதோடு விடவில்லை, கயிற்றை மணலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வேலிவரை நடந்து வந்தார்.

வாலு நின்றது. காதை மட்டும் அவர் போகிற பக்கம் திருப்பியது.

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குதிரை தெரிந்தவள். இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த பழக்கமில்லை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எப்போலேர்ந்து?"

"கொஞ்ச நாளாச்சு."

"தினமும் கேட்டேனே."

"கேட்ட."

"ஏன்மா?"

[இந்த இடத்தில் பிசியோ என் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோனார். பதில் காதில் விழவில்லை. 'உன்னை இழக்க எனக்குத் தைரியம் இல்லை' என்று எழுதி அடித்தேன்; யார் வீட்டிலும் யாரும் இப்படிப் பேசுவதில்லை. 'பயம்டி' என்று எழுதி அதையும் அடித்தேன். அடுத்த முறை போனபோது கேட்டேவிட்டேன். "ஒண்ணும் சொல்லல சார். என்னத்த சொல்றது?"]

மகள் வாக்கரைத் தூக்கி மணலில் வைத்தாள். அதன் கால்கள் புதைந்தன. அலுமினியம் கடகடத்தது. அப்படி ஒரு சத்தத்தை வாலு கேட்டதே இல்லை. தலை விருட்டென்று உயர்ந்தது, மூக்குத் துவாரங்கள் விரிந்தன, உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்தது. அம்மா பதறி, கீழே கிடந்த கயிற்றை எடுக்க ஓடினார்.

"எடுக்காத."

அம்மா நின்றார்.

மகள் இன்னொரு அடி வைத்தாள். கடகட. இன்னொன்று. வாலுவின் தோள் நடுங்கியது. குளம்பு நகரவில்லை. வாக்கரைத் தள்ளிவிட்டு மகள் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள், விழாமல் இருக்க.

அழுதாளா என்று கேட்டேன்.

"தெரியல சார். குதிரை மறைச்சுது."

7

மறுநாள் வண்டி வந்து வெறுமனே திரும்பியது. வாலு நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, இவ்வளவு நன்றாக நிற்கிற குதிரையை ஏன் அனுப்ப வேண்டும் என்று லாயக்காரரே சொல்லிவிட்டார். மகள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேச வெகு நாளானது. உப்பு வேணும், கதவைச் சாத்து, அவ்வளவுதான். ஆனால் காலையில் யாரும் சொல்லாமல் தானே படுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, காலை மடக்கினாள். அம்மா சமையலறையிலிருந்து அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தார். உதவிக்குப் போகவில்லை.

இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். லாயத்துக்கும் போகிறாள். ஏறுவது பற்றி டாக்டர் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

முடிவு எழுத உட்கார்ந்தேன். ஒன்றில் மகள் ஏறினாள், வாலு சிலையாக நின்றது, எல்லோரும் கை தட்டினார்கள். விளம்பரம் மாதிரி இருந்தது. இன்னொன்றில் வாலு மறுபடி நடந்து, மகள் மறுபடி... அதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. வேறொன்றில் மகள் படிமேல் நின்று, சேணத்தில் கை வைத்து, "போதும்மா, இறங்கறேன்" என்றாள். இலக்கியமாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் அப்படிப்பட்டவள் இல்லை.

என் சிகிச்சையின் கடைசி நாளில் பிசியோவிடமே கேட்டேன். "ஏறுவாளா?"

"ஏறுவா."

"நீங்க போய்ப் பார்ப்பீங்களா?"

அவர் அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டார்.

எனக்கும் அலுத்துவிட்டது. மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரை நிற்கும், அதற்கு நான் பொறுப்பு. மகளை எப்போது ஏற்றுவது, எவ்வளவு தூரம் விடுவது, திரும்பக் கொண்டு வருவதா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று. ஏற்றுவதாக இருந்தால், வேலியோரம் அந்த அம்மாளுக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள். நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர்.