கெட்ட சேதி சூடாக வரட்டும்

குன்ஷெங் அத்தானுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்த அன்றுதான் லோ வீட்டுக் கல்யாணத்துக்கு நண்டு வந்து இறங்கியது. மறுநாள் மதியம் கோயில் திடலில் விருந்து. நாற்பது மேசை. பந்தல் போட்டாகிவிட்டது, நண்டுகள் கூடையில் கட்டோடு கிடந்து நுரை கக்கிக்கொண்டிருக்கின்றன, தலைமைச் சமையல்காரர் வயிற்றில் தையலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

அவர் என் கணவரின் அண்ணன். எங்கள் ஊர் நெய்மென்னில் விருந்து சமைக்கிற குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கல்யாணத்தில் சோறு வேகவில்லை என்று பெயர் வந்தால் போதும், அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர் அடுப்பை நம்பித்தான் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தோம். இந்த விருந்து கெட்டால் குழு கலைந்துவிடும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"சியூலுவான், நீ முன்னால நில்லு," என்றார் அத்தான், கட்டிலில் படுத்தபடியே. "ஒண்ணு மட்டும் சொல்றேன். ஒருத்தியையும் மூச்சு விட விடாத. பயம் இருந்தாத்தான் கை ஓடும்."

இதுதான் அவருடைய தத்துவம். ஏதாவது தப்பாகிவிட்டது என்று யாராவது வந்து சொன்னால் கையில் இருக்கும் அகப்பை பறக்கும். பெரும்பாலும் குறி தப்பும். ஆனால் பறக்கும்.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் ஜின்தூ வேறொரு தத்துவம் வைத்திருந்தார். அவர் பாத்திர லாரி ஓட்டுகிறவர். "அண்ணன் பேச்சைக் கேக்காத. அன்பா பேசு. சிரிச்ச முகமா இரு, கோயில்ல அம்மன் இருக்குற மாதிரி."

"அம்மன் நாப்பது மேசைக்கு மீன் பொரிக்கிறாளா?"

"அதான் நல்லா சிரிக்கிறா," என்றார் அவர்.

நான் பதினான்கு வயதில் கரும்பு வெட்டப் போனவள். மேஸ்திரி எங்கே நிற்கிறான் என்று பார்த்துத்தான் அரிவாளை ஓங்குவோம். அவன் அந்தப் பக்கம் திரும்பினால் வரப்பில் உட்கார்ந்துவிடுவோம். மேஸ்திரி பெண்டாட்டி நல்லவள், தேனொழுகப் பேசுவாள். அவள் வந்தாலும் உட்கார்ந்துதான் இருப்போம். ஆகவே இரண்டு தத்துவத்தின் மேலும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் சொந்தமாக ஒன்றும் இல்லாதபோது இரவல் வாங்கித்தானே ஆகவேண்டும்?

காலையில் முதலில் ஜின்தூவின் தத்துவத்தை எடுத்தேன். செலவில்லாதது அதுதான்.

"யூஷியாக்கா, சிரமம் பாக்காம அந்த முட்டைக்கோஸைக் கொஞ்சம் நறுக்கித் தர்றீங்களா?"

யூஷியா என்னைவிட மூத்தவள். அந்தக் குழுவில் வாய் அவளுக்குத்தான். கத்தியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லியே," என்றாள் மற்றவர்களிடம். "நேத்து வரைக்கும் 'ஏ, கோஸு!'னு கத்துவா. இன்னிக்கு என்னமோ என்னைப் பொண்ணு பாக்க வந்தவ மாதிரி குழையுறா."

பெண்கள் குனிந்து குனிந்து சிரித்தார்கள். கோஸ் அப்படியே கிடந்தது.

சரிதான் என்று அத்தானின் தத்துவத்துக்கு மாறினேன். அகப்பையைக் கையில் எடுத்தேன். தொண்டையைத் திறந்தேன். "என்ன வாய் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வாழ்க்கைப்பட வந்தீங்களா, வேலைக்கு வந்தீங்களா?" சிரிப்பு நின்றது. கைகள் பறந்தன. முதல் தட்டு, பல வகை அடுக்கிய குளிர்ந்த பதார்த்தத் தட்டு, நாற்பதும் ஒரே நேரத்தில் வெளியே போனது. காயவைத்த மடவை மீன் சினையைத் தாளாகச் சீவி விசிறிபோல் விரித்து வைத்திருந்தோம். பந்தலில் கைதட்டல் கேட்டது. எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. தலைமை என்பது இவ்வளவுதானா, முன்பே கத்தியிருக்கலாமே என்று தோன்றியது.

அடுத்தது நண்டு. ஒட்டரிசிச் சோற்றின் மேல் சினை நண்டை வைத்து ஆவியில் வேகவைத்தது. அதற்காகத்தான் ஆட்கள் வருவார்கள். ஆவிக்கூடைகள் இரண்டு கோபுரமாக அடுக்கியிருந்தன. ஒரு கோபுரம் புகைவண்டிபோல் ஊதிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் முன்னால் பாவ்சூ நின்றுகொண்டிருந்தாள். குழுவிலேயே இளையவள், அதிர்ந்து பேசாதவள். கையைக் கட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாவ்சூ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அவள் தலைக்கு மேலே ஆவியும் இல்லை.

அவளை நகர்த்திவிட்டு மூடியைத் திறந்தேன். நண்டு பச்சையாகவே கிடந்தது. அடுப்பு அணைந்திருந்தது.

"எப்பத்துலேருந்து?"

"குளிர் தட்டு அடுக்கும்போதே, அக்கா. காலி சிலிண்டரை மாட்டிட்டேன். வேற சிலிண்டர் லாரியில இருக்கு. சொன்னா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் என் கை அகப்பையோடு மேலே போயிருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். பாவ்சூ மட்டுமல்ல, கோஸ் நறுக்குகிறவள், இறால் உரிக்கிறவள், தூரத்தில் தட்டுக் கழுவுகிறவள், வாயாடி யூஷியா, பதினோரு பேரும் ஒரே சமயத்தில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஆமைக் கூட்டத்தின் நடுவில் கல் விழுந்த மாதிரி. யாரும் யோசித்துச் செய்யவில்லை. வருஷக்கணக்கில் பழகிய கழுத்துகள். நானும்தான் இழுத்திருப்பேன், அத்தான் கையில் அகப்பை இருந்திருந்தால்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. அகப்பையைக் குழம்புப் பானையில் போட்டேன்.

சோறு வேகாததற்குக் காரணம் காலி சிலிண்டர் இல்லை. சிலிண்டர் மாற்றுவது ஒரு நிமிட வேலை. அந்தச் சேதி இவள் வாயிலிருந்து என் காதுக்கு வர அரைமணி நேரம் ஆயிற்றே, அதுதான் காரணம். அதற்கு இவள் என்ன செய்வாள்? நான் கையில் பிடித்திருந்த சாமானைப் பார்த்துத்தான் சேதி வழியில் நின்றுவிட்டது.

"கழுத்தை வெளிய எடுங்கடி," என்றேன். "நண்டு வேக இன்னும் அரைமணி வேணும். இப்ப என்ன பண்றது? தெரிஞ்சவ சொல்லுங்க. எனக்குத் தெரியல."

தலைமையில் நிற்கிறவர் 'எனக்குத் தெரியல' என்று சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. இறால் உரிக்கிறவள்தான் முதலில், "சேனைக்கிழங்கு இனிப்பு தயாரா இருக்கு, அதை அனுப்பிடலாம்," என்றாள்.

"அடி பைத்தியக்காரி!" யூஷியா பாய்ந்தாள். "இனிப்பைக் கண்டா விருந்து முடிஞ்சுதுன்னு நாப்பது மேசையும் பையைத் தூக்கிக்கிட்டு எழுந்திரிக்கும். மாப்பிள்ளையே வீட்டுக்குப் போயிடுவான்! இறாலை அனுப்பு. அதுக்குள்ள கல்யாண வீட்டு லோ அண்ணனை மேசை மேசையா மது கிண்ணத்தோட அனுப்பி விடு. அவர் ஒரு மேசையில நின்னா லேசுல நகர மாட்டாரு."

"மேடையில அந்தப் பாட்டுக்காரன்கிட்ட இன்னும் ரெண்டு பாட்டுப் பாடச் சொல்றேன்," என்று தட்டுக் கழுவுகிறவள் ஓடினாள். "ஒண்ணு கேட்டா நாலு பாடுவான்."

பாவ்சூ அதற்குள் லாரியிலிருந்து சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அடுப்பு பற்றியது. நான் மிஞ்சியிருந்த மடவைச் சினையில் ஒரு துண்டை எடுத்து அவள் வாயில் போட்டேன். எல்லோரும் பார்க்கப் போட்டேன். அத்தான் இருக்கும்போது அந்தச் சினைப் பக்கம் யாரும் வாயைத் திறந்ததில்லை, அவ்வளவு விலை.

"இது கெட்ட சேதி சொன்னதுக்கு," என்றேன். "ஆறிப்போய் வந்த சேதி, அதனால ஒரு துண்டு. சூடா கொண்டு வர்றவளுக்கு ரெண்டு."

பாவ்சூ மென்றுகொண்டே அழுதாள். அழுதாலும் மெல்வதை விடவில்லை.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

"முதலாளியம்மா, கெட்ட சேதி! தூணுக்குப் பின்னால இருக்குற மேசைக்கு இறாலே போகல!" உண்மைதான். ரெண்டு துண்டு.

"அக்கா, கெட்ட சேதி! ஐஸ் தீரப் போவுது!" தீரவில்லை, தீரப் போகிறது. இதற்குத்தான் மூன்று கொடுத்தேன்.

"கெட்ட சேதி! கோயில் நாய் ஒரு கோழியைத் தூக்கிட்டுப் போவுது!"

"துரத்துனியா?"

"சேதியை முதல்ல சொல்லிட்டுத் துரத்தலாம்னு வந்தேன்."

யூஷியா நிதானமாக வந்து என் முன்னால் நின்றாள். "உனக்கும் ஒரு கெட்ட சேதி. காலையிலேருந்து ஏப்ரனைத் திருப்பிக் கட்டியிருக்க. பை முதுகுல இருக்கு. எல்லாரும் பாத்தோம். பயத்துல சொல்லல." வாயைத் திறந்து காட்டினாள்.

அரைமணியில் நண்டுக் கூடைகள் திறந்தன. செங்கல் நிறத்தில் ஓடு, ஓட்டுக்கடியில் பொன் சினை, நெய்யில் புரட்டின மாதிரி மினுங்குகிற சோறு. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பந்தலில் மதுவோடு சுற்றி வந்த லோ கால் நிலைகொள்ளாமல் நின்று, "நண்டு வந்தாச்சு! பசியில யாரும் சாகாதீங்க!" என்று கத்தினார். கடைசியில் இனிப்புப் போனதும், யூஷியா சொன்னபடியே மொத்தப் பந்தலும் ஒரே எழுச்சியாக எழுந்தது. கழுவ வந்த தட்டுகளில் நண்டு ஓடு தவிர ஒன்றும் இல்லை.

பாத்திரம் துலக்கும்போது கோயில் நிர்வாகி வந்து, திருவிழா விருந்துக்கு நீங்கள்தான் வரவேண்டும் என்று சொன்னார். யார் தலைமை என்று கேட்டார். பெண்கள் சோப்புக் கையோடு என்னைக் காட்டினார்கள். யூஷியாவும் காட்டினாள், ஆனால் காலால்.

ஆஸ்பத்திரிக்கு நானேதான் போன் செய்தேன்.

"எத்தனை பேர் மேல அகப்பை பட்டுது?" என்றார் அத்தான்.

"ஒண்ணும் படல. அத்தான், ரெண்டு கெட்ட சேதி இருக்கு. ஆறுறதுக்குள்ள சொல்லிடறேன். சிலிண்டர் தீர்ந்து நண்டு அரைமணி தாமதம். அடுத்தது, திருவிழா விருந்துக்கும் நான்தான் முன்னால நிக்கப் போறேன். அதுக்கப்புறமும். அகப்பை பறக்குற எடத்துல இனி வேலை செய்ய மாட்டோம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. நானும் அதையேதான் சொல்றேன்."

அத்தான் பக்கத்துக் கட்டில்காரரிடம் டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

"மீன் யாரு பொரிச்சா?" என்றார் பிறகு.

"நான்தான்."

"எப்படி வந்துது?"

"தோலு சட்டியிலயே ஒட்டிக்கிச்சு. மேல குழம்பை ஊத்தி மறைச்சோம்."

"ஒட்டும்டி!" அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. "ஒட்டாம எங்க போகும்? எண்ணெய் காயறதுக்கு முன்னாடி போட்டிருப்ப! எனக்குத் தெரியும்!" சிரிக்க ஆரம்பித்தார், உடனே "ஐயோ, தையல், தையல்" என்று முனகினார், மறுபடியும் சிரித்தார். "திருவிழாவுக்கு மீன் சட்டிகிட்ட நான் நிக்கிறேன். நீ அந்தப் பக்கமே வரக் கூடாது."

"மீன் உங்களது," என்றேன். "அகப்பை மட்டும் என்கிட்ட இருக்கும்."