கவிழ்த்துப் போட்ட எழுத்து

ஜெகநாதன் வரைந்து கொடுத்த 'ட' திரும்பி நிற்கிறது என்பது சிவகுமாருக்கு முதல் நாள் மத்தியானமே தெரிந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் யாரும், பாவம் அவனுக்குத் தெரியாது என்று பரிந்துகொண்டு வரக் கூடாது.

ஆரணியில் புஷ்பலதா நடத்தும் எல்.இ.டி. போர்டு கடையில் அவன் மூன்று வருடமாக வேலை பார்த்தான். எழுத்து ஓடுகிற போர்டுகளுக்கு அவன்தான் புரோகிராம் போடுவான். ஆங்கிலம் தண்ணீராக ஓடும். தமிழைப் போட்டால் வெறும் கட்டமும் கேள்விக்குறியுமாக வரும். கன்ட்ரோலர் சில்லுக்குத் தமிழ் தெரியாது. எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று ஒவ்வோர் எழுத்தையும் ஒன்றும் பூஜ்யமுமாக உள்ளே ஏற்ற வேண்டும். சிவகுமார் முயன்று பார்த்தான். அவன் வரைந்த 'க'வைப் பார்த்துவிட்டு ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், "இது இன்னா, கால் ஒடிஞ்ச கோழியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

அப்போதுதான் புஷ்பலதா முள்ளிப்பட்டு ஜெகநாதனைக் கூட்டி வந்தாள். ஒரு மாஸ்டர் வீவரிடம், அதாவது ஆள் வைத்துப் பட்டு நெய்விக்கும் முதலாளியிடம், இருபத்திரண்டு வருடம் சேலைக்கு டிசைன் போட்டவர். முந்தானையில் மணமக்கள் பேரை நெய்யக் கேட்கிறார்கள் அல்லவா, அந்தப் பேரைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்தவர் அவர்தான். முதலாளி ஒரு நாள் நாலு பேர் எதிரில் இவர் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை விட்டார். இவர் பென்சிலை அவர் மேசையில் எறிந்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்த முதலாளிகள் எல்லாம் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள். அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்தில் ஒரு கதவும் இவருக்குத் திறக்கவில்லை.

"ராஜவேலு அண்ணன் புதுசா தொறக்கிற பட்டுக்கடைக்கு போர்டு. தமிழ்லதான் ஓடணும்" என்றாள் புஷ்பலதா. "ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுங்க. ஆனா வெளிப்படையா சொல்லிடறேன், ரெண்டு பேரை வெச்சிக்க எனக்குத் தெம்பில்ல. இந்த போர்டு எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு யாருன்னு சொல்றேன்." சொல்லிவிட்டுப் பேனல் வாங்கச் சென்னைக்குப் போனாள்.

ஜெகநாதன் ஒரே மூச்சில் முப்பது எழுத்து வரைந்தார். என்ன அழகு! கொம்பு சுழிந்த விதமும், புள்ளி உட்கார்ந்த விதமும் சிவகுமாருக்குத் தன் கால் ஒடிந்த கோழியை ஞாபகப்படுத்தின. அவற்றை ஒன்றும் பூஜ்யமுமாகத் தட்டிக்கொண்டே வந்தவன், 'ட'வில் நின்றான். இடப்பக்கம் நிற்க வேண்டிய கோடு வலப்பக்கம் நின்றது. அடுத்தது 'ள'. அதுவும் திரும்பியிருந்தது. 'ப' மட்டும்தான் தப்பித்திருந்தது, அது இடம் வலம் திருப்பினாலும் 'ப'தான்.

அவனுக்கு உடனே புரிந்தது. ஆரணிக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் டிசைன் போட்ட தறிகளில் சேலையைக் கவிழ்த்துப் போட்டுத்தான் நெய்வார்கள். மேலே தெரிவது பின்பக்கம். ஆகவே எழுத்தைத் திருப்பி வரைந்தால்தான் முன்பக்கம் நேராக விழும். இருபத்திரண்டு வருடம் அப்படியே வரைந்த கைக்குத் திரும்பியதுதான் நேர். கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுதான்.

சரிசெய்வது பெரிய காரியமே இல்லை. புரோகிராமில் எழுத்தை இடமிருந்து படிக்கிற வரியை வலமிருந்து படிக்கும்படி மாற்றினால் போதும். ஒரே வரி.

அவன் வாயைத் திறந்தான். சத்தியமாகத் திறந்தான்.

"இன்னா தம்பி, 'ட' வந்துச்சா?" என்று எட்டிப் பார்த்தார் ஜெகநாதன்.

"வந்துச்சுண்ணா. சூப்பரா கீது."

அந்த மனுஷர் முகம் மலர்ந்ததைப் பார்த்தும் இவனுக்கு நாக்கு புரளவில்லை. மேசையில் சின்னப் பேனலில் ஓடவிட்டுக் காட்டினான். அவர் ஒவ்வோர் எழுத்தாக விரல் விட்டு, "ரா... ஜ... வே... லு" என்று படித்து, "அப்படியே உயிரோட ஓடுதுப்பா" என்றார். மறுநாளும் சிவகுமார் சொல்லவில்லை. அதற்கு மறுநாள், சரிசெய்த புரோகிராமைத் தனியாக எழுதி லேப்டாப்பில் வைத்துக்கொண்டான். அதோடு விட்டானா, படுபாவி!

"திறப்பு விழாவுக்கு அண்ணியை இட்டுகினு வாங்கண்ணா" என்றான். "உங்க எழுத்து கடை வாசல்ல ஓடறதை அவங்க பாக்க வேணாமா?"

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் போர்டை மாட்டியதும், கண் பட்டுவிடும் என்று சொல்லி அவனே துணி போட்டு மூடினான்.

திறப்பு விழா அன்று காலையில்தான் புஷ்பலதா சென்னையிலிருந்து நேராகக் கடை வாசலுக்கு வந்து இறங்கினாள். தெருவெல்லாம் கூட்டம். ஜெகநாதன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி பூங்காவனம், பெட்டியிலிருந்து எடுத்த பட்டுச் சேலையில். ராஜவேலு சுவிட்சைத் தட்டித் துணியை இழுத்தார். மேளம் கொட்டியது. சிவப்பு எழுத்துகள் ஓடி வந்தன. மேளம் பாதியில் நின்றது.

பூ விற்கிறவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு யாரோ, "டேய், வண்டி கண்ணாடியில பாருங்கடா, அதுல ஒவ்வொரு எழுத்தும் நேரா தெரியுது!" என்று கத்தினார்கள். பாதிக் கூட்டம் போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பைக் கண்ணாடிகளில் குனிந்தது.

"இன்னாய்யா இது?" ராஜவேலு கையிலிருந்த துணியைக் கீழே எறிந்தார். "கடை தொறக்கிற அன்னிக்கே என் பேரைத் திருப்பிப் போட்டுட்டீங்களே! நான் வாழறதா, திரும்பிப் போறதா? எவன் எழுதினது?"

ஜெகநாதன் முன்னால் வந்தார். போர்டை நிதானமாக, முழுசாக ஒரு தரம் படித்தார்.

"சரியாத்தானே கீது முதலாளி? ராஜவேலு பட்டு மாளிகைன்னு..."

தெருவே வெடித்துச் சிரித்தது. அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தானும் கொஞ்சம் சிரித்து வைத்தார். பூங்காவனம் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "திரும்பி கீதுங்க... வாங்க, போயிடலாம்" என்றாள். அவர் நகரவில்லை. எது திரும்பியிருக்கிறது என்று அப்போதும் மேலே தேடிக்கொண்டு நின்றார்.

சிவகுமார் லேப்டாப்போடு ஏணியில் ஏறினான். ஐந்தே நிமிடம். எழுத்துகள் நேராக ஓடின, ஜனங்கள் கை தட்டினார்கள். ராஜவேலு அவன் தோளில் ஒரு துண்டைப் போட்டார்.

"லேப்டாப்பை இன்னாத்துக்குடா எடுத்தாந்த?" என்று புஷ்பலதா கேட்டாள்.

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்க்கா."

"இதுதான் பொறுப்பு" என்றாள் அவள். பிறகு ஜெகநாதன் பக்கம் திரும்பி, அவர் மனைவி நிற்கிறாளே என்றுகூடப் பார்க்காமல், "நாளையிலேர்ந்து நீங்க வர வேணாங்க. 'ட'வே நேரா போடத் தெரியாத ஆளை வெச்சிகினு நான் தொழில் பண்ண முடியாது" என்றாள்.

மறுநாள் காலையில் ஜெகநாதன் தன்னிடமிருந்த புஷ்பலதா கடைச் சாவியைக் கொடுக்க வந்தார். வெளியே மொபெட் அருகில் பூங்காவனம் நின்றாள். அவர் கையில் ஒரு நோட்டு. மீதி எழுத்துகள் அத்தனையும், 'ஞ' முதல் 'ஸ்ரீ' வரை, அதில் வரைந்திருந்தார்.

"இனிமே எனக்கு எதுக்கு? நீ வெச்சிக்க தம்பி." கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. ஒவ்வொரு புள்ளியா நீதானே அடிச்ச? உனக்கும் தெரியலையா? படிச்ச புள்ள, உனக்கே தெரியலன்னா என் மனசு ஆறிடும். எனக்குத்தான் புத்தி கலங்கிப்போச்சோன்னு பயமா கீது."

உள்ளே கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த புஷ்பலதா கையை நிறுத்தினாள். தாள் புரளும் சத்தம் நின்றதைச் சிவகுமார் கவனித்தான். தெரியவில்லை என்றால் இவனும் குருடன்தான் என்று அவள் நினைப்பாள். தெரிந்தது என்றால் அத்தோடு கதை முடிந்தது.

"நான் சொன்னேனேண்ணா" என்றான்.

"எப்போ?"

"முதல் நாளே. 'ட' திரும்பி கீதுண்ணான்னு சொன்னேன். சரியாத்தான் கீதுன்னு நீங்கதான் அடிச்சிப் பேசிட்டீங்க. பெரியவர்னு நானும் விட்டுட்டேன்."

ஜெகநாதன் அவன் முகத்தையே பார்த்தார். நெற்றியைச் சுருக்கி எதையோ தேடினார். 'டேய் புளுகா!' என்று ஒரு அறை விட்டிருந்தால்கூட சிவகுமார் வாங்கிக்கொண்டிருப்பான்.

"சொன்னியா..." என்றார் அவர் மெதுவாக. "சொல்லியிருப்பப்பா. நீ ஏன் பொய் சொல்லப்போற?"

சாவியை மேசையில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். மொபெட்டைக் கிளப்பாமல் மனைவியிடம் பேசியது உள்ளே கேட்டது.

"பூங்காவனம், அந்தப் புள்ள முதல் நாளே சொல்லிச்சாம். எனக்கு நெனப்பே இல்ல. நீயே ஓட்டு இன்னிக்கு, நான் பின்னால குந்திக்கிறேன்."