வாத்தியாரின் பூஜ்யம்

என் கணவர் எவேலியோவுக்குப் பாடம் நடத்தக் கரும்பலகை தேவையில்லை. அன்று எங்கள் கொல்லைப் பாறையைத் தட்டித் தட்டி, கீழ்வீட்டு டெய்சிக்கு நிலை ஆற்றலை விளக்கிக்கொண்டிருந்தார்.

பாறை ஒரு ஜீப் அளவு இருக்கும். கொலம்பியாவின் மெதஜீன் நகரத்து மலைச்சரிவில் எங்கள் கொல்லையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஏப்ரல் மழையில் அடிமண் கரைந்து, கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. நேர் கீழே டெய்சியின் தகரக் கூரை. அதற்கடியில் அவளும் கைக்குழந்தையும். ஒரு ஞாயிறு எல்லோரும் கூடி உடைத்துவிடுகிறோம் என்று தெருக்காரர்கள் வந்து கேட்டார்கள். எங்கள் படிக்கட்டும் தண்ணீர்க் குழாயும் அப்படி வந்தவைதான். ஆண்கள் சம்மட்டி எடுப்பார்கள், பெண்கள் தெருவிலேயே அண்டா வைத்து சங்கோச்சோ சூப்பு காய்ச்சுவார்கள். இடத்துக்காரர் சரி என்றால் போதும். ஆனால் இடத்துக்காரர் படித்தவராயிற்றே.

"நிறை, புவியீர்ப்பு, உயரம், மூணையும் பெருக்கினா நிலை ஆற்றல். பாறை எங்க தரையில இருக்கு. உயரம் பூஜ்யம். பூஜ்யத்தால எதைப் பெருக்கினாலும்?" என்று வகுப்பில் கேட்பதுபோல் காத்திருந்தார்.

டெய்சி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "எங்க வீட்ல இருந்து அண்ணாந்துதான் பாக்க வேண்டியிருக்கு, வாத்தியாரே."

"பயம் வேற, பௌதிகம் வேற."

உயரத்தை எங்கிருந்தும் அளக்கலாம், எது விழும், எதன் மேல் விழும் என்று பார்த்துப் பூஜ்யத்தை வை என்று இதே வாய் டியூஷன் பிள்ளைகளுக்குச் சொன்னதைச் சமையலறையிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். பரீட்சைக்கு ஒரு பூஜ்யம், வீட்டுக்கு ஒரு பூஜ்யம். விஷயம் என்னவென்றால், சாயங்காலம் ரேடியோவும் கையுமாக அந்தப் பாறைமேல் ஏறி உட்கார்ந்து, ஏதோ தானே கட்டிய ஊர்போல நகரத்து விளக்குகளைப் பார்ப்பார். அந்தச் சிம்மாசனம் போய்விடுமே. இந்த மனிதனின் சட்டைக்கா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுக்கிறேன் என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

"அப்ப இன்னைக்கு டெய்சி வீட்ல சாப்பிடுவோம். அரேப்பா ரொட்டி நான் சுட்டு எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

"அதுக்கென்ன, வந்தாப் போச்சு."

படியிறங்கும்போது சீட்டிகூட அடித்தார். டெய்சியின் வீட்டில் மேசை போட இடம் பின் ஜன்னலோரம்தான். பக்கத்தில் குழந்தையின் தொட்டில். எவேலியோ உட்கார்ந்தார், சூப்புக்குக் கரண்டியை எடுத்தார், ஜன்னல் வழியே மேலே பார்த்தார். அங்கிருந்து வானம் தெரியாது. ஈரம் கசியும் பாறையின் அடிவயிறும், அதிலிருந்து தொங்கும் வேர்களும்தான் தெரியும்.

கரண்டி தட்டுக்குத் திரும்பியது.

"சாப்பிடுங்க வாத்தியாரே, ஆறிப்போவுது" என்றாள் டெய்சி.

"இங்க ஒரே புகையா இருக்கு."

டெய்சியிடம் இருப்பது கேஸ் அடுப்பு. அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். காலியான நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். முதுகு கூசியது, ஆனாலும் எழவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்கு எல்லாரையும் வரச் சொல்லட்டுமா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டேன்.

தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பௌதிக வாத்தியார் ஒரு கால் வாசலுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றபடி, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், ஆறிப்போன சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.