தலைப்பு: அக்கா

டிரேவருக்குக் கை ஓடிய அளவுக்கு வாய் ஓடியதில்லை. ஆனால் ஒரே ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டான் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

விளம்பரக் கம்பெனி வேலையை உதறிவிட்டு முழுநேர ஓவியனாகிறேன் என்று கிளம்பியவனுக்கு படங்களைத் தொகுத்துக் காட்ட ஒரு போர்ட்ஃபோலியோ தேவைப்பட்டது. பெரிய கேலரி ஒன்றில் புது ஆட்களுக்கு இடம் தருகிறார்களாம். பெங்களூர் பிரேசர் டவுன் வீட்டில் அவனுக்குக் கூடமாட ஒத்தாசை செய்தது பிரிஜெட். கூடப்பிறந்த அக்கா, கணக்கு டீச்சர், அப்பா அம்மா போனபிறகு இவனைப் படிக்க வைத்தவள். படங்களில் இருப்பதும் அவளேதான். பழைய நைட்டியில் பாத்திரம் தேய்க்கும் பிரிஜெட், தரை துடைக்கும் பிரிஜெட், மீன் ஆயும் பிரிஜெட். எல்லாம் கரிக்கோலில் வரைந்தவை.

"ஏண்டா, பூசைக்குப் போற மாதிரி நல்ல புடவையில ஒண்ணு வரையக்கூடாதா?"

"புடவை கட்டுனா டீச்சர் மாதிரி விறைச்சுக்கிறக்கா. இப்படி இருந்தாத்தான் நீ நீயா இருக்க."

அவளுக்கு அதில் உள்ளூர சந்தோஷம். படங்களைப் போட்டோ எடுத்தபோது வெயில் நேராக விழாமல் ஜன்னலில் வெள்ளைத்துணியைப் பிடித்துக்கொண்டு கை கடுக்க நின்றாள். மொத்தத்துக்கும் 'அக்கா' என்று தலைப்பு வைத்தான். அதைவிடப் பொருத்தமாக வேறென்ன வைப்பது?

கேலரியில் படங்களைத் தேர்ந்தெடுப்பவன் ரோஹன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "அக்கா! உங்க வீட்டு வேலைக்கு வர்றவங்களா? ரொம்ப நாளா இருக்காங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. பெங்களூர் அபார்ட்மெண்டுகளில் பாத்திரம் தேய்க்க வருகிறவளும் அக்காதான், வீடு பெருக்க வருகிறவளும் அக்காதான். "உழைக்கிற பொம்பளையை இவ்வளவு மரியாதையா யாரும் வரைஞ்சு நான் பார்த்ததில்ல" என்றான்.

என் கூடப்பிறந்தவள் என்று டிரேவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் இதெல்லாம் வெறும் குடும்ப ஆல்பம் ஆகிவிடுமோ, வந்த வாய்ப்பு நழுவிவிடுமோ என்று பாழும் மனசு தடுத்தது. "சின்ன வயசுலேர்ந்தே இருக்காங்க" என்றான். அதில் பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை!

இடம் கிடைத்தது. கண்காட்சியன்று போய்ப் பார்த்தால், நுழைவாசல் சுவரில் பெரிய எழுத்தில் ரோஹனின் குறிப்பு: ஓவியரின் வீட்டுப் பணிப்பெண். டிரேவர் உடனே அக்காவுக்கு போன் போட்டு, "கூட்டமா இருக்கும்க்கா, நாளைக்கு வாயேன்" என்று சொல்லிப் பார்த்தான். அவளா கேட்பாள்? தம்பியின் முதல் கண்காட்சி ஆயிற்றே! மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்து இறங்கினாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரில் இருந்ததை வரி விடாமல் படித்தாள். படித்து முடிப்பதற்குள் ரோஹன் அடையாளம் கண்டுகொண்டான்.

"நீவே அல்வா அக்கா!", நீங்கள்தானே அந்த அக்கா என்று கன்னடத்தில் ஆரம்பித்து, இவங்க வீட்டில் எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள் என்று அன்பாகவே கேட்டான்.

பிரிஜெட் தம்பியைப் பார்த்தாள். இப்போதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். நாசமாய்ப் போகிற வார்த்தை, அவன் வாயைவிட்டு வெளியே வரவேயில்லை.

"இவரு சின்னப் பையனா இருந்ததுலேர்ந்து செய்றேன்" என்று அவளே கன்னடத்தில் சொன்னாள். "நல்லவங்க. ஒரு குறையும் வெக்கல."

ரோஹன் நெகிழ்ந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவள் சிரித்துவிட்டு மெல்ல வெளியே நடந்தாள். டிரேவர் படிக்கட்டு வரைக்கும் ஓடினான்.

"அக்கா! அக்கா, நில்லு. நான் போய்ச் சொல்லிடறேன், இப்பவே சொல்லிடறேன்!"

அவள் திரும்பினாள். கோபமாக இருந்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அந்த முகத்தில் கோபமே இல்லை.

"வேணாம். உள்ள போங்க சார், உங்களைத் தேடுவாங்க."