தாய்மாமன் தள்ளும் கார்

சமுத்திரம் அண்ணாச்சியின் அம்பாசிடருக்கு வயது அறுபது. கார்புரேட்டருக்கும் அதே வயது. நாலு தடவை கழற்றிக் கழுவி மாட்டினேன். எங்கே இறுக்கினாலும் பெட்ரோல் ஒழுகியது. கடைசியில் மதுரையில் நாயாய் அலைந்து புதுசு வாங்கி வந்து போட்டேன். ஷெட்டில் சாவியைத் திருப்பினால் ஒரே இழுப்பில் எடுத்தது. அந்தத் திமிரில், ராஜபாளையம் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், அடுத்த ஷெட் வீரணனிடம் வாயைக் கொடுத்தேன்.

"கல்யாணத்தன்னைக்கு இந்த வண்டி சாவியில எடுக்கலேன்னா ஷெட்டை மூடிட்டுப் போயிருதேன்லே."

இந்தத் தொழிலில் எனக்கு இருப்பது பேர் ஒன்றுதான். அதை அன்றைக்குப் பணயம் வைத்துவிட்டேன்.

கல்யாணம் அண்ணாச்சியின் இளைய மகள் சத்யப்பிரியாவுக்கு. மண்டபம் ஸ்ரீவில்லிபுத்தூரில், முகூர்த்தம் ஒன்பதரைக்கு. எட்டரைக்கு அவள் மாலையோடு பின்சீட்டில் ஏறினாள். தெருவே வேடிக்கை பார்த்தது, வீரணன் முன்வரிசையில் நின்றான். நான் சாவியில் கை வைத்தேன்.

"நிறுத்துலே விஜயபாண்டி!"

பெண்ணின் தாய்மாமன் இருளப்பசாமி, செட்டியார்பட்டிக்காரர். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் உருமாலோடு வந்தார். பின்னால் அதே கோலத்தில் ஆறு பேர், அவர்களுக்கும் பின்னால் சீர்த்தட்டோடு பெண்கள்.

"மூத்தவ கல்யாணத்துக்கு இந்தக் காரை ரெண்டு தெரு தள்ளி எடுத்து விட்டது யாரு? நான். மண்டபத்துல எனக்கு மாலை போட்டாவளா இல்லையா? அது தாய்மாமன் முறை! இப்ப சாவியில எடுக்கும்னு ஊரெல்லாம் சொன்னியாமே. பொறவு நான் எதுக்குலே வந்தேன்? ரெண்டு மாசமா முட்டை தின்னுட்டு காலையில ஓடுதேன்!"

"அண்ணாச்சி, வண்டி ஓடுறது நல்லதுதானே?" என்றேன் அவரிடம்.

"யாருக்கு நல்லது? சீர்த்தட்டைத் திருப்புங்கலே, போவோம்!"

அடப் பாவி மனுசா! கார்புரேட்டர் மாற்றினது ஒரு குத்தமா? பதினாறு சீர்த்தட்டும் நடுத்தெருவில் வந்த வழியே திரும்பின. சமுத்திரம் அண்ணாச்சி மச்சானின் கையைப் பிடித்துக் கெஞ்சினார், அவர் உதறினார்.

"அண்ணே," என்றாள் பின்சீட்டிலிருந்து சத்யப்பிரியா. "மாமா கோவிச்சுட்டுப் போனா எங்கம்மா தாலி கட்ட விடமாட்டாவ. ஏதாச்சும் பண்ணுங்கண்ணே." கண்மை கரையத் தொடங்கியிருந்தது.

இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரைப் பார்ப்பதுபோல் குனிந்து, சாவியில் வண்டியை எடுக்க வைக்கும் செல்ஃப் மோட்டாரின் வயரைக் கழற்றினேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினேன். மூச்சுப் பேச்சில்லை.

"எடுக்கல, அண்ணாச்சி. தள்ளணும்." சொல்வதற்குள் நாக்கு கூசிவிட்டது.

இருளப்பசாமிக்கு முகமெல்லாம் பல். ஏழு பேரும் தள்ளினார்கள். கிளட்சை விட்டிருந்தால் நாலே எட்டில் எடுத்திருக்கும். நான் விடவில்லை.

"அண்ணே, மணியாகுது!"

"செத்த நேரம் பொறு தாயி. மாமாவுக்கு இன்னும் வேர்க்கல."

ரெண்டாவது தெருமுனையில் அவர் சட்டை நனைந்த பிறகுதான் விட்டேன்.

முகூர்த்தம் தப்பவில்லை. மைக்கில் பேர் சொல்லி இருளப்பசாமிக்கு ஆளுயர மாலை போட்டார்கள். பந்தியில் என் எதிரே உட்கார்ந்த வீரணன், "ஷெட்டை எப்ப மூடுத?" என்றான். நாலு இலை தள்ளியும் சிரிப்புக் கேட்டது.

"சாப்பிட்டு வாசலுக்கு வா. சாவியில எடுத்துக் காட்டுதேன்."

வயரை ஏற்கெனவே மாட்டி வைத்திருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறினார்கள். இரண்டு வீட்டுக் கூட்டமும் வாசலில் நின்றது. என் பேரை மீட்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஏறி உட்கார்ந்து சாவியைப் பிடித்தேன்.

"தம்பி, ஸ்டார்ட் பண்ணிராதீய!"

வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒருவர் ஓடிவந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமனாம். பின்னால் எட்டுப் பேர்.

"வரும்போது பொண்ணு வீட்டு மாமன் தள்ளியாச்சு. போகும்போது எங்க முறை."

சத்யப்பிரியா என்னைப் பார்த்தாள். வீரணன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். நான் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தேன்.