'வந்துவிட்டேன்' பொத்தான்

அந்த இணையதளத்தைச் செய்தவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கே அவன் கதை முடிந்திருக்கும். நாங்கள் கேட்டது என்ன? காட்டுக்குள் ஆற்றோரமாக டென்ட் போட்டுத் தங்க ஓர் இடம், இரண்டு ராத்திரிக்கு. அரசாங்க முகாம். பொதுமக்களுக்கென்றே கட்டியது. ஆனால் அதில் ஓர் இடம் பிடிப்பதற்குள் எங்கள் வீட்டில் பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிட்டன.

மாதம் பிறந்ததும் காலையில் புக்கிங் திறக்கும். நான் கம்ப்யூட்டர் முன்னால், என் வீட்டுக்காரர் போனில், என் தம்பி அவன் வீட்டிலிருந்து. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்வோம். உடனே திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அது சுற்றி முடிந்தால் "நீங்கள் மனிதர்தானா?" என்று கேட்டு, சின்னச் சின்னப் படங்களைக் காட்டி, பஸ் எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லும். கண்டுபிடித்தால் ஓடிபி வரும் என்று சொல்லும். ஓடிபி ஆடி அசைந்து வந்து சேரும்போது நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளிவிடும். மறுபடி உள்ளே போனால் எல்லா இடமும் சிவப்பு. தொடர்ந்து மூன்று மாதம் இதே கூத்து.

"கிடைச்சிடுச்சாம்மா?" என்று மகள் ஒவ்வொரு தடவையும் வந்து நிற்பாள். ஏழு வயது. டென்டுக்குள் படுத்துக்கொண்டு ஆற்றுச் சத்தம் கேட்க வேண்டுமாம். ஏதோ படத்தில் பார்த்துவிட்டாள்.

நான்காவது மாதம் கிடைத்துவிட்டது. பதினாலாம் இடம், என் பெயரில், என் நம்பரில். அமுக்கியது வீட்டுக்காரர், பக்கத்தில் நின்று கத்தியது நான். எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு எப்போதும் அப்படித்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே அலறுகிறவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேசிப் பேசியே சாந்தப்படுத்துவார். "ஒண்ணும் ஆகாது, நான் இங்கதான் இருக்கேன்." என்னிடமும் அதே குரல்தான். எனக்கு அதைக் கேட்டால் இன்னும் கோபம் வரும். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன்பதிவு மேசையில் உட்காருகிறவள். தாமதமாக வந்து கெஞ்சுகிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறேன். "சிஸ்டத்துல உங்க பேர் இல்லைங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவேன். இளகினால் வேலை ஓடாது.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது பளிச்சென்று வெயில். காரை மேலே கேட்டுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் அரை மணி நேரம் இறங்க வேண்டியிருந்தது. பாதை முடிந்து ஒரு சின்னப் பள்ளம், பள்ளத்தைத் தாண்டினால் மணல் மேடு. அதுதான் பதினாலு. சிமென்ட் மேசை ஒன்று, பெஞ்சு இரண்டு, பக்கத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரோடு ஆறு.

அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் டென்ட் போட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "யாரு நீங்க? இது எங்க இடம்!"

தொப்பி போட்ட கணவன் நிதானமாகச் சொன்னார். "எங்களுக்குப் புக்கிங் கிடைக்கலைங்க. கேட்ல டிக்கெட் வாங்கிட்டு வந்தோம். காலியா கிடந்துச்சு, போட்டுட்டோம். நீங்க வந்துட்டேன்னு அமுக்கிட்டீங்களா?"

"எதை அமுக்கணும்?"

"அந்த சைட்ல ஒரு பொத்தான் இருக்கு, 'வந்துவிட்டேன்'னு. மூணு மணிக்குள்ள அமுக்கலன்னா இடம் தானா காலியாயிடும். ஆனா இங்க டவர் கிடையாது. கேட்டுக்குத்தான் போகணும்."

டவர் இல்லாத காட்டில் போனில் அமுக்க வேண்டுமாம். எந்த மகராசன் மூளையில் உதித்ததோ. நான் தொண்டை கிழியக் கத்தியதில் அவர்கள் டென்டைச் சுருட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடிக்குப் போனார்கள். போகும்போது அந்த மனைவி ஒரு பார்வை பார்த்தாள். இவர்கள் விடமாட்டார்கள், நான் அந்தப் பக்கம் போனதும் வந்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

புக்கிங் என் நம்பரில். அதனால் கேட்டுக்கு நான்தான் போக வேண்டும். கிளம்பும் முன் வீட்டுக்காரரையும் மகளையும் அந்த சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"நல்லா கேட்டுக்கோங்க. யார் வந்து என்ன சொன்னாலும் எழுந்திரிக்கக் கூடாது. யூனிஃபார்ம் போட்டுட்டு வந்தாலும் சரி. தண்ணி வருது, புலி வருதுன்னு எதையாவது சொல்லிக் கிளப்பப் பாப்பாங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"சரிம்மா" என்றாள் மகள்.

"நீ போயிட்டு வா, நாங்க பாத்துக்கறோம்" என்றார் அவர், அந்த லிஃப்ட் குரலில்.

மூச்சு வாங்க ஏறினேன். கேட்டில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. ஜன்னலுக்குப் பின்னால் பருத்த உடம்போடு ஒரு கேட்காரர், முன்னால் ஒரு டேப்லெட். அந்த ஜன்னலை ஒட்டி நின்றால் ஒரு கோடு டவர் வந்தது. பொத்தானை அமுக்கினேன். வட்டம் சுற்றியது. மறுபடி லாகின் செய்யச் சொன்னது. மறுபடி நான் மனிதர்தானா என்று கேட்டது. பஸ், சைக்கிள், படிக்கட்டு எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தேடிக் கொடுத்தேன். ஓடிபிக்காக போனை உயரத் தூக்கிப் பிடித்தேன். வந்தது. போட்டேன். நேரம் முடிந்தது என்றது. திரும்பவும் முதலிலிருந்து. ஐந்தாறு தடவை முட்டி மோதியபின் பச்சையாக ஒரு வரி வந்தது. "மூன்று மணிக்குள் வராததால் உங்கள் முன்பதிவு ரத்து செய்யப்பட்டது. நன்றி."

அந்த நன்றிதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஜன்னலில் கையால் அறைந்தேன்.

"நான் இங்க உங்க கண்ணு முன்னாடி நிக்கிறேன். வரலைன்னு சொல்லுது!"

கேட்காரர் டேப்லெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "சிஸ்டத்துல உங்க பேர் இல்லைங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. மேலே மலையில் மேகம் உடைத்துக்கொண்டு கொட்டியிருக்கிறதாம். தண்ணீர் மொத்தமாக இறங்கி வந்துகொண்டிருக்கிறதாம். ஆற்றோரம் இருக்கிற எல்லாரையும் உடனே மேலே ஏற்ற வேண்டும் என்றது அந்தக் குரல். நான் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் நீல வானம், ஒரு பொட்டு மேகம் இல்லை.

கேட்காரர் ஒரு பொத்தானை அமுக்க, சைரன் ஊளையிட்டது. டேப்லெட்டைப் பார்த்துக் கீழே இருக்கும் காவலருக்கு இடங்களை வாசிக்க ஆரம்பித்தார். "ஒன்பதுல நாலு பேர், பத்துல ரெண்டு பேர், பன்னெண்டுல ஆறு பேர், பதிமூணுல அஞ்சு, பதினஞ்சுல மூணு..."

ஜன்னலுக்குள் தலையை நீட்டினேன்.

"பதினாலு? பதினாலை ஏன் விட்டீங்க?"

"அது காலிங்க."

"காலி இல்ல! என் வீட்டுக்காரரும் குழந்தையும் அங்கதான் இருக்காங்க!"

"வெள்ளையா காட்டுதே" என்று டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். பதினாலு என்ற கட்டம் சுத்தமாக, வெள்ளையாக இருந்தது. என் மகள் உட்கார்ந்திருக்கும் இடம்.

"அண்ணா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அந்தக் கண்றாவியைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாக்கி-டாக்கியை எடுத்து, "பதினாலுல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். கரகரப்புக்கு நடுவில் காவலரின் குரல் வந்தது.

"ஆத்துல தண்ணி கலங்கறதைப் பாத்து முன்னாடியே ஆளுங்களைக் கிளப்ப ஆரம்பிச்சுட்டேன். பதினாலுல ஒருத்தர் குழந்தையோட இருந்தாரு. லிஸ்ட்ல இல்ல, இருந்தாலும் போய்ச் சொன்னேன். தண்ணி வருது, எழுந்திரிங்கன்னேன். சிரிச்சாரு சார். சம்சாரம் வராம நகர மாட்டாராம். இங்க வயசானவங்க ரெண்டு பேரைத் தூக்கி விட வேண்டியிருந்துச்சு. திரும்பிப் போய்ப் பாத்தா பள்ளத்துல தண்ணி ஏறிடுச்சு. ஆள் தேவை, கயிறு எடுத்துட்டு வாங்க."

சிரித்தாராம். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 'என் மனைவி சொன்னபடியே நடக்குது பாருங்க' என்கிற சிரிப்பு. ஆறு கொன்றால் ஆறு கொன்றது என்றுதான் உலகம் சொல்லும். நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எப்படி இறங்கினேனோ. பின்னால் கேட்காரர் தோளில் கயிற்றுச் சுருளோடு தடதடவென்று ஓடிவந்தார். எதிரே ஜனங்கள் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் மகளைப் போலவே சிவப்புச் சட்டை போட்ட சிறுமி ஒருத்தி வந்தாள். பாய்ந்து போய்ப் பிடித்தேன். என் மகள் இல்லை.

நான் துரத்திவிட்ட குடும்பமும் வந்தது. அந்த மனைவி என்னைக் கண்டதும் நின்றாள்.

"நாங்களும் சொன்னோம் அக்கா. ரெண்டு தடவை போய்ச் சொன்னோம். எங்களை நம்பவே இல்ல."

அவள் கணவன் தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு எங்களோடு கீழே திரும்பினார்.

ஆறு கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. மகள் கேட்க ஆசைப்பட்ட சத்தம் அது இல்லை. பெரிய பெரிய கற்களை யாரோ இழுத்துப்போகிற மாதிரி ஓர் உறுமல். பாதை முடிகிற இடத்தில் காவலர் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் பள்ளம் இல்லை. பழுப்புத் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது, கிளைகளையும் யாரோ ஒருவருடைய பாயையும் உருட்டிக்கொண்டு. அந்தப் பக்கம் எங்கள் டென்டைக் காணோம். பெஞ்சுகளைக் காணோம். சிமென்ட் மேசையின் மேல் வீட்டுக்காரர் நின்றிருந்தார். தோளில் மகள். அவர் முழங்கால்வரை தண்ணீர்.

"அம்மா இங்க இருக்கேன்டி!" என்று கத்தினேன். ஆற்றின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இத்தனை வருஷம் வீடே அதிரக் கத்திய குரல்.

கேட்காரர் கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை வீசினார். விழுந்த இடத்திலேயே தண்ணீர் அதை இழுத்துப்போனது. மறுபடி வீசினார். மேசை ஓரத்தில் பட்டு நழுவியது. வீட்டுக்காரர் குனிந்தபோது மகள் முன்னால் சரிந்தாள். அவள் காலை இழுத்துப் பிடித்துக்கொண்டார். காவலர் வாங்கி வீசியபோது வீட்டுக்காரர் பிடித்துவிட்டார். இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டார். மகளை முதுகுக்கு மாற்றினார். அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. என்ன சொல்கிறார் என்று நான் கேட்க வேண்டியதில்லை. ஒண்ணும் ஆகாது, நான் இங்கதான் இருக்கேன்.

இறங்கினார். மார்பளவு தண்ணீர். நாங்கள் நால்வரும் கயிற்றை இழுத்தோம். பாதி வழியில் ஒரு கிளை வந்து அவரை அடித்தது. இருவரும் மூழ்கினார்கள். பழுப்புத் தண்ணீர் மட்டும் ஓடியது. கடவுளே, வீடு வேண்டாம், வாசல் வேண்டாம், என்னை எடுத்துக்கொள் என்று என்னென்னவோ உளறினேன். அவர் தலை மேலே வந்தது. பின்னால் சின்னத் தலை. கழுத்தைக் குரங்குப் பிடியாகப் பிடித்திருந்தாள்.

கரைக்கு இழுத்துப் போட்டோம். அவர் குப்புறக் கிடந்து தண்ணீராக வாந்தி எடுத்தார். நெற்றியில் ரத்தம். தொப்பிக்காரர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் மகளை வாரி எடுத்தேன். பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தாள். இருமினாள், துப்பினாள், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது. தண்ணீருக்குள் போகும்போதுகூட அழாத பிள்ளை, உதட்டைப் பிதுக்கினாள்.

"அம்மா... செருப்பு ஒண்ணு போயிடுச்சும்மா. நான் விடலை. நெஜமா இறுக்கித்தான் வெச்சிருந்தேன், அதுவா கழண்டு போச்சு. திட்டாதம்மா."

"குளிர்ல நடுங்குது பாவம்" என்று கேட்காரர் தன் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். எல்லோரும் அது குளிர் என்றுதான் நினைத்தார்கள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லையடி கண்ணே என்று சொல்ல வேண்டும். எனக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.