பொட்டு வைத்த மூலை

ஞானஜோதி சிரித்தால் விருதுநகர்ப் பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு மட்டும் வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? இரண்டு பேரும் ஆசிரியைப் பயிற்சிக்கு வந்தவர்கள்; ஒரே விடுதி, பக்கத்துப் பக்கத்துப் பாய். நான் விடியுமுன் எழுந்து பாடக்குறிப்பு எழுதி, கோடு பிசகாமல் படம் வரைந்து வைப்பேன். அவள் மணி அடித்த பிறகு கொண்டையைச் செருகிக்கொண்டே ஓடி வருவாள். புடவையில் மைக்கறை இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் போதும், பிள்ளைகள் அவள் பக்கம் சாய்ந்துவிடும்.

மற்ற நாளென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அந்த வருஷம், ஐம்பத்தெட்டில், திருத்தங்கல் பெண்கள் பள்ளியில் ஓர் இடம் காலியானது. தலைமையாசிரியை சொர்ணலட்சுமி அம்மாள் விருதுநகருக்கே வந்து, எங்கள் இருவரையும் பாடம் நடத்தச் சொல்லிப் பார்த்து, ஒருத்தியை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. எங்கள் ஊர் நாரணாபுரம். திருத்தங்கல் என்றால் வீட்டிலிருந்தே போய்வரலாம்.

"அதுக்கு அங்கிட்டுப் பொம்பளப்பிள்ளைய அனுப்ப மாட்டேன். கிடைக்கலன்னா மல்லாங்கிணத்து மாமனுக்குக் கழுத்த நீட்டு" என்று அப்பா சொல்லியிருந்தார். மாமனுக்கு மானாவாரிக் காடு உண்டு, செத்துப்போன முதல் தாரத்தின் பிள்ளைகள் உண்டு. என் படிப்பைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, "பருத்தி எடுக்கத் தெரியுமா?"

ஜோதியின் அப்பா மிஷன் பள்ளி வாத்தியார், அம்மா நர்ஸ். அவள் இந்த வேலைக்கு ஏன் வந்து நிற்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

இருவருக்கும் ஒரே பாடம்: முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் நூற்றெண்பது பாகை. காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் தனியே எடுத்து, முனைகள் ஒரே புள்ளியில் தொடும்படி ஒட்டி வைத்தால், அடியில் நேர்கோடு வரும். அதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் அச்சகத்துக் கழிவுக் காகிதத்தில் முக்கோணங்களை நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜோதி வந்தாள்.

"ஏ சம்முகம், உன் கத்தரியக் கொஞ்சம் குடேன். என்னுது கைப்பிடி கழண்டு போச்சு."

"கத்தரி கைமாறுனா உறவு அந்து போகும்பாக எங்க வீட்டுல" என்றேன்.

"நமக்குள்ள என்ன உறவு இருக்குன்னு பயப்படுத?" என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் முதலில் அவள் பாடம். சொர்ணலட்சுமி அம்மாள் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். ஜோதி மடித்துக் கிழித்த காகித முக்கோணங்களைக் கொடுத்தாள், மடிப்போரம் லேசாக நைந்திருந்தது. "மூணு மூலையையும் கையால பிச்சு எடுங்க" என்றாள். வகுப்பே தயங்கியது. தீப்பெட்டி லேபிள் ஒட்டுகிற வீட்டுப் பிள்ளைகள். காகிதத்தைக் கிழித்தால் முதுகில் விழும் என்று நடக்கப் பழகும்போதே தெரிந்தவர்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அவள் சர்ரென்று ஒன்றைக் கிழித்துக் காட்டியதும் சிரிப்பும் சத்தமுமாக எல்லோரும் கிழித்தார்கள். பிறகு சிலேட்டில் அடுக்கினார்கள். எல்லாச் சிலேட்டிலும் நேர்கோடு.

"கிழிக்கணும்னு எப்படித் தோணுச்சு?" என்று அம்மாள் கேட்டார்.

"கத்தரி இல்ல டீச்சர், அதான்" என்றாள் ஜோதி.

எனக்குக் காது சூடானது. நான் கொடுக்காததையும் அவள் தனக்கு லாபமாக்கிக்கொண்டாளே என்றிருந்தது.

அடுத்து நான். என் முக்கோணங்கள் சவரக்கத்தியால் வெட்டியதுபோல் இருந்தன. விடுதியில் எல்லோரிடமும் இரவல் வாங்கிய கத்தரிகளைக் கொடுத்து மூலைகளை நறுக்கச் சொன்னேன். அழகாக நறுக்கினார்கள். அடுக்கச் சொன்னேன்.

முன் வரிசையில் பஞ்சம்மாள் என்ற பிள்ளை கை தூக்கினாள். "டீச்சர், எனக்குப் பள்ளம் விழுது."

"எனக்கு மேடு ஏறுது" என்றாள் இன்னொருத்தி.

அப்போதுதான் புரிந்தது. மூலையைக் கத்தரியால் நறுக்கினால் அந்தத் துண்டும் ஒரு குட்டி முக்கோணம். அதற்கே மூன்று மூலை. மூன்றும் ஒரே போல் சுத்தமாக இருந்தால் எது பழைய மூலை, எது கத்தரி போட்ட மூலை என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கிழித்திருந்தால் எது புது ஓரம் என்று பிசிறே சொல்லிக் கொடுத்திருக்கும்.

கடைசி பெஞ்சில் அம்மாளின் பக்கத்தில் ஜோதி இருந்தாள். இரண்டு கையாலும் கிழிக்கிற மாதிரி ஜாடை காட்டினாள். எனக்கு உதவுகிறாளாம். மல்லாங்கிணறு கண்ணில் வந்து நின்றது. ஆனாலும் அவள் வழியில் போவதைவிடப் பருத்தி எடுக்கலாம் என்றுதான் தோன்றியது.

"எல்லாரும் துண்டக் கீழ வைங்க" என்றேன். புது முக்கோணங்களைக் கொடுத்தேன். "நறுக்குறதுக்கு முந்தி மூணு மூலைக்கும் பொட்டு வைங்க. சிவப்புப் பென்சில்ல. மூலையோட நுனியில."

வைத்தார்கள். நறுக்கினார்கள். "இப்ப பொட்டும் பொட்டும் ஒண்ணா இருக்கிற மாதிரி சேருங்க." பஞ்சம்மாளின் சிலேட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை.

அம்மாள் எழுந்து முன்னால் வந்தார். "ரெண்டு பேரும் நல்லாத்தான் செஞ்சீக. அஞ்சு மூலை உள்ள உருவத்துக்கு என்ன செய்வீக?"

ஜோதி யோசிக்கவே இல்லை. ஓர் ஐங்கோணத்தைக் கிழித்து, மூலைகளை மேசையில் ஒட்டி ஒட்டி வைத்தாள். மூன்று வைத்ததும் வட்டம் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. நான்காவது முதலாவதன் மேல் ஏறியது. ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு இடமில்லயே" என்று சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அவள் சிரிப்பு எனக்குப் பிடித்தது அந்த ஒரு முறைதான்.

நான் கரும்பலகையில் ஐங்கோணம் வரைந்தேன். ஒரு மூலையிலிருந்து எதிரே இருந்த இரண்டு மூலைகளுக்கும் கோடு இழுத்தேன். "இப்ப இதுக்குள்ள மூணு முக்கோணம். ஒண்ணுக்கு நூத்தியெம்பது. மூணுக்கு ஐநூத்தி நாப்பது. எத்தன மூலை இருந்தாலும் இப்படியே பிரிச்சுக்கிடலாம்."

சொர்ணலட்சுமி அம்மாள் கரும்பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வந்து சேந்துரும்மா" என்றார்.

நான் அம்மாளைப் பார்க்கவில்லை. ஜோதியின் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் ஒரு சுருக்கம், ஒரு கசப்பு, கடுகளவாவது தெரியாதா என்று தேடினேன். அவள் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு சம்முகம்."

"உனக்கு வருத்தமே இல்லையா?"

"எனக்கென்ன வருத்தம்? எங்கன போட்டாலும் போயிட்டு வான்னு அப்பா சொல்லிட்டாக. நான் இன்னும் கடலே பாத்ததில்ல. ராமேஸ்வரம் பக்கமாப் போட்டா நல்லாருக்கும்."

சொல்லிவிட்டு மேசையில் கிடந்த காகிதத் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். வேலை எனக்குத்தான் கிடைத்திருந்தது. எங்கன போட்டாலும் போயிட்டு வா என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.